உடுப்பைப் பார்த்துத் தேடிப்போகும் மருந்து

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் ஒரு தனி ஆளைத் தேடிப் பிடிக்க முடியுமா? ஆனால் கருப்பசாமி வேடம் கட்டி, தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களை மட்டும் காட்டு என்றால், ஏ.வி. பாலத்தின் மேலே நின்றே காட்டிவிடலாம். கணையத்தில் அபூர்வமாக வரும் ஒருவகைக் கட்டியை மருத்துவர்கள் தேடுவதும் இப்படித்தான்.

கணையப் புற்றுநோய் என்றதும் நாம் பயப்படுவது, செரிமான நீர் போகும் குழாய்களில் வருகிற வகைக்கு. நான் சொல்வது ஹார்மோன் சுரக்கும் செல்களில் கிளம்பும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் கண்டுபிடித்தது இதைத்தான். பெரும்பாலும் நிதானமாக வளரும். ஆனால் வெட்டி எடுத்த பிறகும் கல்லீரலில் தலைகாட்டலாம். சில கட்டிகள் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் படபடப்பு, வியர்வை, தடுமாற்றம். ஒரு ஜிகர்தண்டா குடித்தால் தெளிந்துவிடும். அதனாலேயே “நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை” என்ற திட்டோடு விஷயம் முடிந்துபோகிறது.

கல்லீரலுக்குக் குடிபோனாலும் இந்தச் செல்கள் பிறந்த இடத்து உடுப்பைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை. சோமாடோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள்தான் அந்த உடுப்பு. “சுரந்தது போதும்” என்று அடக்குவது அந்த ஹார்மோனின் வேலை. ரத்தத்தில் அதன் ஆயுளோ சில நிமிடம். அதன் சாயலில் செய்த ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஊசிகள் ஒரு மாதம் தாங்கும். சுரப்பும் வளர்ச்சியும் மட்டுப்படும். (இன்சுலின் கட்டி என்றால் எச்சரிக்கை வேண்டும், சிலருக்கு இதே ஊசி சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும்.)

அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த வித்தை. அந்தச் சாயல் மூலக்கூறில் காலியம்-68 என்ற கதிரியக்க அணுவைக் கட்டி அனுப்பினால், உடலுக்குள் கதிரியக்கம் சேர்ந்த இடத்தைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிரும். ஒளிர்ந்த இடம் தெரிந்ததும் காலியத்துக்குப் பதில், கட்டியின் செல்களைக் கொல்ல லுடீசியம்-177 என்ற இன்னொரு கதிரியக்க அணு. அது விடும் பீட்டா துகள் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவுதான் பாயும். அடி பெரும்பாலும் கட்டியோடு நிற்கும். 8 வாரத்துக்கு ஒன்றாக 4 முறை கொடுப்பது வழக்கம். சிறுநீரகம் இந்த மருந்தைத் திரும்ப உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களையும் கூடவே டிரிப்ஸில் ஏற்றுவார்கள். உறிஞ்சும் வாசலை அவை அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2018-ல் இந்த லுடீசியம் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது.

முரட்டுக் கட்டிகள் சில, வளர வளர உடுப்பைக் கழற்றி எறிந்துவிடும். காலியம் ஸ்கேனில் மங்கிவிடும். சர்க்கரையைத் தின்னும் செல்களைக் காட்டுகிற வழக்கமான பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். அங்கே லுடீசியம் அனுப்பிப் பயனில்லை. கீமோதெரபிதான்.