லீவ்-இன் கண்டிஷனர்: அலசாமல் விடும் பதம்

தலைக்குக் குளித்துத் துவட்டிய பின், ஈரம் முழுதாக உலர்வதற்குள் முடியில் தடவி, அலசாமல் அப்படியே விட்டுவிடும் பூச்சுக்கு லீவ்-இன் கண்டிஷனர் என்று பெயர். ஷாம்பூவுக்குப் பிறகு தடவி, சில நிமிடங்களில் அலசிவிடும் வழக்கமான கண்டிஷனரின் உடன்பிறப்பு இது. குழம்பாகவும் நீர்த்த பாலாகவும் தெளிப்பானாகவும் கிடைக்கிறது. நுனி வறண்டு சொரசொரப்பாகிவிட்டவர்களுக்கே இது மிகுதியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. விலை குறைந்த புட்டி ஒன்றை எடுப்பதா, பல மடங்கு விலையுள்ள புட்டிக்குப் போவதா என்ற குழப்பமும் அவர்களுக்கே வருகிறது. அந்தக் குழப்பத்தில் பாதி பெயரால் வந்தது. கண்டிஷனர் என்பதற்கு என்ன பொருள், அது எதைச் செய்வதாக ஒப்புக்கொள்கிறது, எதைச் செய்வதாகச் சொல்லவே இல்லை என்பது தெளிந்தால், லேபிளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிந்துவிடும்.

கண்டிஷன் என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனில் 'கொண்டிக்கியோ' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'கூட' என்று பொருள்படும் முன்னொட்டும் 'சொல்' என்னும் வினையடியும் சேர்ந்த சொல் அது; இருவர் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது என்பதே அதன் அடிப்பொருள். நிபந்தனை என்ற பொருள் அதிலிருந்து நேராகவே வருகிறது. ஒப்புக்கொண்டபடி ஒரு பொருள் இருக்கிறதா என்று பார்க்கும்போது, அது இருக்கும் நிலை என்ற பொருளும் கிளைத்தது. "வண்டி நல்ல கண்டிஷனில் இருக்கிறது" என்று நாம் சொல்வதும், "ஒரு கண்டிஷன் போட்டார்" என்று சொல்வதும் அந்த இரண்டு கிளைகளே. பெயர்ச்சொல்லாக நெடுங்காலம் வழங்கிய அது, ஒன்றை வேண்டிய நிலைக்குக் கொண்டுவருதல் என்னும் வினையாக 19-ஆம் நூற்றாண்டில்தான் நன்கு பரவியது.

அந்த வினைக்கு நூலோடு பழைய உறவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பட்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை கூடிவிடும். எடைபோட்டு விற்கும் சரக்கில் இதனால் ஓயாத சச்சரவு. பட்டு நூலைக் குறிப்பிட்ட ஈரநிலைக்குக் கொண்டுவந்து எடைக்குச் சான்றளிக்கும் பொது நிலையம் ஒன்று பிரான்சின் லியோன் நகரில் 1805-இல் அமைக்கப்பட்டது. அந்த நிலையத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது. பின்னர் 1906-இல், அமெரிக்காவில் பஞ்சாலைகளின் காற்றில் ஈரத்தைச் சீர்செய்துவந்த பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர், ஆலைத் தொழிலில் வழங்கிய இதே சொல்லை எடுத்துக் காற்றுக்குச் சூட்டினார். ஏர் கண்டிஷனிங் என்ற பெயர் அப்படிப் பிறந்தது. குளிர்ச்சி என்பது அந்தப் பெயரில் எங்குமே இல்லை. தலைமுடிக் கண்டிஷனர் பட்டு நிலையத்தின் நேர்வாரிசு என்று சொல்ல வரவில்லை. ஆனால் பட்டைப் போலவே முடியும் புரத இழை. அதுவும் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சக்கூடியது. இழையை நல்ல நிலையில் வைத்திருத்தல் என்னும் கருத்து இரண்டுக்கும் பொது.

அந்த நிலை எப்படிக் கெடுகிறது என்பதை நுனியில் பார்ப்பது எளிது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. எனவே 40 செ.மீ. நீளமுள்ள கூந்தலின் நுனி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலையும் சீப்பையும் ஷாம்பூவையும் தலையணையின் உராய்வையும் தாங்கிய பகுதி. முடியின் மேற்பரப்பில் ஓடுகள் வேய்ந்ததுபோல் மெல்லிய செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் நீரை ஒட்டவிடாத கொழுப்பமிலப் படலம் ஒன்று வேதிப்பிணைப்போடு ஒட்டியிருக்கிறது. புதிதாக முளைத்த அடிமுடியில் அந்தப் படலம் முழுமையாக இருக்கும். நுனிக்கு வரும்போது பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். நிறம் நீக்கும் பிளீச் பட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். தலைத்தோல் சுரக்கும் எண்ணெயும் நீண்ட முடியின் நுனிவரை போய்ச் சேர்வதில்லை. படலம் போன இடத்தில் செதில்களின் ஓரங்கள் தூக்கிக்கொள்கின்றன. பரப்பில் எதிர்மின்னேற்றம் மிகுகிறது. ஓர் இழை மற்றோர் இழையில் உரசிச் சிக்குகிறது. நுனியை இரண்டு விரலுக்கு இடையே பிடித்து, வேரை நோக்கி மேலே உருவிப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு விரலுக்கே தெரியும்.

கண்டிஷனர் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. அதன் முதன்மைச் சரக்கு நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு: செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, பாலிகுவாட்டர்னியம் என்று எண்ணோடு வரும் பெயர்கள் எல்லாம் இந்த இனம். எதிர்மின்னேற்றம் மிகுந்த இடத்தை அவை தேடிப் பற்றுகின்றன. ஆகவே கெட்ட நுனியில் மிகுதியாகவும் நல்ல அடிமுடியில் குறைவாகவும் படிகின்றன. பற்றிய பிறகு முதல் இரண்டையும் போன்ற மூலக்கூறுகளின் கொழுப்பு வால் வெளிப்புறம் நீண்டு, தேய்ந்த படலத்தின் இடத்தில் தற்காலிகமாக நிற்கிறது. தற்காலிகமாக என்பதே முக்கியம். அடுத்த ஷாம்பூவில் அதன் பெரும்பகுதி போய்விடும். தலைத்தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிர் கிடையாது; அது எதையும் உண்ணாது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளவும் செய்யாது.

இனி தமிழுக்கு வருவோம். கண்டிஷனருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டால் பல விடைகள் வருகின்றன. சீராக்கி, சீரமைப்பி என்பவை கெட்டதைப் பழுதுபார்த்துவிட்டதாக ஒலிக்கின்றன. 'கூந்தல் ஊட்டம்' என்பது முடி உணவு உண்பதாக எண்ண வைக்கிறது. விலையுயர்ந்த புட்டிகளின் விளம்பரங்கள் நம்பியிருப்பதும் இந்த இரண்டு மயக்கங்களைத்தான் என்பதால், இவற்றை நான் ஏற்கமாட்டேன். பதப்படுத்தி என்பது பொருளில் நெருங்கி வந்தாலும், பதப்படுத்தப்பட்ட உணவு என்ற வழக்கால், கெடாமல் வைப்பது என்னும் பொருளே முந்திக்கொண்டு நிற்கிறது. பதனிடுதல் என்றால் தோல் தொழிற்சாலையின் வாடை வருகிறது. பதனி என்று சுருக்கினால் பனையிலிருந்து இறக்கும் பதநீரைப் பேச்சுவழக்கில் அப்படித்தானே சொல்கிறோம். கூந்தலில் பதனி தடவினாள் என்று எழுதிவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் வேர் பதம் என்பது. சொல் என்றும் அடி என்றும் பொருள்படும் வடமொழிப் பதம் வேறு. இது பக்குவத்தைக் குறிக்கும் பதம். பாகு கம்பிப்பதத்துக்கு வருகிறது. மண் உழுவதற்கேற்ற ஈரத்தோடு இருக்கும்போது பதமாக இருக்கிறது. கத்தியின் கூர்மையும் பதம்தான். எந்தப் பயன்பாட்டை எடுத்தாலும் இரண்டு குறிப்புகள் அதில் உண்டு. ஒன்று, பதம் என்பது ஒரு வேலைக்கு ஏற்ற நிலை. இன்னொன்று, அது தவறிப்போகக்கூடியது. பாகின் பதம் சற்று நேரத்தில் மாறும், மண்ணின் பதம் வெயிலில் போகும், கத்தியின் பதம் மழுங்கும்; போனதை மறுபடி ஏற்படுத்த வேண்டும். கண்டிஷனர் செய்வதும் அவ்வளவே. ஆகவே நிறமூட்டி, மணமூட்டி, குளிரூட்டி என்னும் வரிசையில் 'பதமூட்டி' என்று சொல்வது பொருளுக்கும் வழக்குக்கும் பொருந்துகிறது. குழப்பம் வரக்கூடிய இடத்தில் கூந்தல் பதமூட்டி என்று விரித்துக்கொள்ளலாம்.

லீவ்-இன் என்னும் முதற்பகுதி இன்னும் எளிது. விட்டுவிடு, உள்ளேயே இருக்கட்டும் என்பது அதன் பொருள். இதை 'கழுவாத' என்று பெயர்க்கிறார்கள். ஆனால் கையைக் கழுவுகிறோம், பாத்திரத்தைக் கழுவுகிறோம். முடியையும் துணியையும் அலசுகிறோம். நீரில் ஆட்டி, உள்ளே இருப்பதை வெளியேற்றுவதற்கு அலசுதல் என்ற தனிச்சொல் இருக்கும்போது அதை விடுவானேன்? அலசாத என்னும் எதிர்மறைப் பெயரெச்சத்தின் ஈறு கெட்டு 'அலசா' என்று நிற்கும். ஓடாக் குதிரை என்பதைப் போல அடுத்து வல்லினம் மிகுந்து 'அலசாப் பதமூட்டி' என்று வரும். புட்டியின் மேல் அச்சிட இது போதும். பேச்சிலும் கட்டுரையிலும் 'அலசத் தேவையில்லாத கண்டிஷனர்' என்று எழுதினால் யாரும் குறைசொல்லப் போவதில்லை. கண்டிஷனர் தமிழில் நன்றாகவே ஊன்றிவிட்ட சொல்.

அலசாமை வெறும் பயன்முறை அன்று. கலவையையே மாற்றும் நிபந்தனை அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பனைப்பொருள் விதிகளில் செட்ரிமோனியம் குளோரைடு அலசிவிடும் முடிப்பொருள்களில் 2.5 சதவீதம் வரை இருக்கலாம். அலசாமல் விடுவதில் 1 சதவீதம்தான் எல்லை. பெஹென்ட்ரிமோனியம் குளோரைடுக்கு முறையே 5 சதவீதமும் 3 சதவீதமும். தோலோடு நாள்முழுதும் தங்கும் பொருள் எரிச்சல் தரக்கூடாது என்பதே காரணம். செலவைக் குறைப்பதற்காக அலசும் கண்டிஷனரையே கொஞ்சம் எடுத்துத் தடவி விட்டுவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. இந்த எண்களைப் பார்த்தால் அது ஏன் நல்ல சிக்கனம் அன்று என்பது விளங்கும். அலசுவதைக் கணக்கில் வைத்து அடர்த்தியாகச் செய்யப்பட்டது முடியில் பிசுக்காகவும் நிற்கும், கழுத்திலும் முதுகிலும் பட்டால் சிலருக்கு அரிப்பும் தரும்.

மலிவானதில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது, பின்பக்க எழுத்தைப் படிப்பவருக்குக் கடினமான காரியம் இல்லை. உட்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். முதலில் நீர் இருக்கும்; விலை எவ்வளவாக இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கடுத்த நான்கைந்து பெயர்களுக்குள் நேர்மின்னேற்ற மூலக்கூறு ஒன்றும், செட்டில் ஆல்கஹால் அல்லது செட்டியரில் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால் ஒன்றும் இருந்தால் வறண்ட நுனிக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். இவை மெழுகைப் போன்ற கட்டிப்பொருள்கள், வழுவழுப்பைத் தருபவை. விரைவில் ஆவியாகும் எத்தனால் வகை முன்வரிசையில் இருந்தால் மட்டும் வறண்ட முடிக்காரர் தயங்கலாம். கிளிசரின், பாந்தெனால் இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைப்பவை. கிளிசரின் மிகுந்தால் புழுக்கமான காற்றில் முடி பிசுபிசுக்கும்.

முகப்பில் பெரிய எழுத்தில் வரும் அரிய எண்ணெய்களின் பெயர் பின்பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. ஃபீனாக்சிஎத்தனால் என்னும் பாதுகாப்புப்பொருளுக்கு ஐரோப்பிய விதிப்படி 1 சதவீதமே உச்சவரம்பு. அதற்குப் பின்னால் எழுதப்பட்ட எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. கூடுதல் விலைக்குக் காரணமாகக் காட்டப்படும் எண்ணெய் அந்த வாலில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பணம் மணத்துக்கும் புட்டியின் அழகுக்கும் போகிறது என்று கொள்ளலாம். ஒப்பிடும்போது புட்டி விலையை விட்டு 100 மி.லி. விலையைப் பார்க்க வேண்டும். தெளிப்பான்கள் நீர்த்தவை என்பதால் வேகமாகத் தீரும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிலிக்கோனைப் பற்றித் தேவைக்கு மேல் அச்சம் பரப்பப்பட்டிருக்கிறது. டைமெத்திகோன் என்னும் சிலிக்கோன் செதில்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. அமோடைமெத்திகோன் கெட்ட இடத்தைத் தேடிப் பற்றும் வகை. இரண்டும் மலிவான புட்டிகளிலும் கிடைக்கின்றன, வறண்ட நுனியில் நன்றாகவே வேலை செய்கின்றன. மெல்லிய முடியில் படிந்து கனத்தால் இடையிடையே நன்கு நுரைக்கும் ஷாம்பூவால் அலசினால் போதும்.

வெறும் எண்ணெயே அலசாப் பதமூட்டிதானே என்று கேட்கலாம். எண்ணெய் நீவுதல் பதமூட்டியைவிட மிகப் பழையது என்பதும், உராய்வைக் குறைக்கும் என்பதும் உண்மை. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில், முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான அமைப்பு முடிக்குள் புக உதவுகிறது என்பது விளக்கம். ஆனால் எண்ணெய்க்கு நேர்மின்னேற்றம் கிடையாது. கெட்ட நுனியைத் தேடிப் பற்றாது, தடவிய இடத்தில் நிற்கும். குளிப்பதற்கு முன் எண்ணெய், குளித்த பின் பதமூட்டி என்று இரண்டையும் வேறு வேறு வேலைக்கு வைத்துக்கொள்வதே பொருத்தம்.

பயன்படுத்தும்போது துவாலையால் ஒற்றி எடுத்த முடியில், காதுக்குக் கீழிருந்து நுனிவரை தடவினால் போதும். தலைத்தோலில் பட வேண்டியதில்லை. தோள்வரை உள்ள முடிக்கு ஒரு பட்டாணி அளவில் தொடங்கி, உள்ளங்கையில் பரப்பி, நுனியைக் கையால் நீவிவிட்டு, அகன்ற பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுக்கலாம். உலர்ந்த பின் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறுகளாகத் தொங்கினால் அளவு மிகுதி. முன்போலவே பறந்தால் இன்னும் ஒரு சொட்டு. இரண்டாகப் பிளந்த நுனியை இது சில மணி நேரம் ஒட்டிவைக்கலாம், அலசியதும் மறுபடி விரியும். அந்த நுனிக்குக் கத்தரிக்கோல்தான். வெடிப்புக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் பிளவு மேலே ஏறாது.