பேக்போர்ட்: 'பின்' போட்டால் பொருள் தடுமாறும்

புதிய பதிப்புக்கென எழுதிய நிரலைப் பழைய பதிப்பிலும் ஓடும்படி கொண்டுவந்து பொருத்துவதை லினக்ஸ் இயங்குதளம் புழங்குகிறவர்கள் பேக்போர்ட் என்பார்கள்.

இதிலுள்ள 'போர்ட்' துறைமுகம் அல்ல. துறைமுகத்துக்கு லத்தீனில் 'போர்ட்டுஸ்'. இது 'போர்ட்டாரே', அதாவது சுமந்து செல்வது. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் இந்தச் சொல்லின் வழி வந்தவர்தான். ஒருவகைக் கணினிக்கு எழுதியதை வேறுவகைக் கணினிக்குக் கொண்டுபோவது போர்ட். பழைய பதிப்புக்குக் கொண்டுபோனால் பேக்போர்ட்.

லினக்ஸ் வகைகளில் ஒன்று டெபியன். அதன் 12ஆம் பதிப்பு 2023 ஜூனில் 6.1 கெர்னலோடு வந்தது. கெர்னல் என்பது வன்பொருளோடு பேசும் மையப் பகுதி. ஆதரவு ஆண்டுக்கணக்கில் நீளும். கெர்னல் மட்டும் அதே 6.1 வரிசைதான். பிறகு கடைக்கு வந்த மடிக்கணினியின் வைஃபை அதற்குத் தெரியாமல் போகலாம். அதற்காகவே 6.12 கெர்னலை டெபியன் 12இன் சூழலில் மறுபடி தொகுத்து, மென்பொருள் பொதிகளைத் தரவிறக்கும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் வைத்தார்கள். அந்தப் பொதியின் பதிப்பெண் '~பிபிஓ12+1' என்ற வாலோடு முடியும். அதிலுள்ள அலைக்குறி எனக்கு மிகவும் பிடித்தது. பதிப்பெண்களை ஒப்பிடும்போது, வாலே இல்லாத எண்ணைவிட அலைக்குறி வால் உள்ளது கீழே போகும். டெபியன் 13க்கு மாறும் நாளில் அதே எண்ணுள்ள அசல் பொதி தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடும்.

நிறுவும்போதே வலையமைப்பு கிடைக்காவிட்டால், களஞ்சியத்தில் புதிய கெர்னல் இருந்தும் பயனில்லை. நிறுவிக்குள்ளேயே அது இருக்க வேண்டும். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு அப்படித்தான் செய்தது: 22.04 வந்தபோது கெர்னல் 5.15, அதே பதிப்பின் புதுப்பித்த வெளியீடான 22.04.2 நிறுவியில் 5.19.

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டில் இதே சொல் வேறுவிதமாகப் புழங்குகிறது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8இல் கெர்னல் எண் 4.18 என்றே நிற்கும். புதிய கெர்னல்களின் திருத்தங்களை மட்டும் அதற்குள் பொருத்துவார்கள். எண்ணை மட்டும் பார்த்து 'ஓட்டைக் கெர்னல்' என்று முடிவுகட்டுவது தவறு.

தமிழில் என்ன சொல்வது? 'பின்பெயர்ப்பு' என்றால் தடுமாற்றம் வரும். தமிழில் காலத்தைச் சொல்லும்போது 'பின்' என்பது வரப்போவது: பின்னாளில், பிற்காலம். இங்கே போவதோ கடந்த காலத்துக்கு. 'முன்' போட்டாலும் முன்னோரா முன்னேற்றமா என்ற குழப்பம். 'பெயர்ப்பு' மட்டும் கச்சிதம். நாற்றைப் பெயர்த்து வேறு மண்ணில் நடுவதுபோன்ற வேலைதான் இது. ஆகவே 'பழம்பதிப்புப் பெயர்ப்பு' என்பேன். பேச்சில் இன்னும் எளிது: "6.12ஐப் பன்னிரண்டுக்குப் பெயர்த்துட்டாங்க."