‘வேறுபட்ட நோயறிதல்’: யார் யாரிடமிருந்து வேறுபட்டது?

உறவினர் ஒருவருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனையில் எதுவும் சிக்கவில்லை. மருத்துவமனையில் கொடுத்த தாளின் தமிழ்ப் பக்கத்தில் ‘வேறுபட்ட நோயறிதல்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே ஐந்து நோய்ப் பெயர்கள். அவர் மனைவி என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, அஞ்சு டாக்டரும் ஆளுக்கொண்ணு சொல்லிட்டாங்களா?” அவர் மேல் தப்பில்லை, அந்தத் தமிழுக்கு அதுதான் பொருள்.

மூலச்சொல் டிஃபரன்ஷியல் டயக்னோசிஸ். கிரேக்கத்தில் ‘டயா’ பிரித்து, ‘க்னோசிஸ்’ அறிவு. டயக்னோசிஸ் என்றாலே பிரித்தறிதல்தான். நாம் நோயறிதல் என்று பழகிவிட்டோம், இருக்கட்டும். டிஃபரன்ஷியல் சேர்ந்தால், ஒரே மாதிரி அறிகுறிகளோடு வரக்கூடிய நோய்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுவது. காரணம் பிடிபடாத நீண்ட காய்ச்சல் என்றால் வரிசையில் நுரையீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் காசநோய், இதய வால்வில் கிருமித்தொற்று, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ், காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோய் எல்லாம் நிற்கும். சில சமயம் ஒரே ஒரு தடயம் வரிசையையே கலைத்துவிடும்: காய்ச்சல்காரரின் அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால், சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் முன்னால் வந்து நிற்கும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் அது தெரியும்.

இங்கே மருத்துவர் ஒரு வேலை செய்கிறார், வேறுபடுத்துகிறார். ‘வேறுபட்ட’ தன்வினை, ‘வேறுபடுத்தும்’ பிறவினை. பள்ளிக்கூட இலக்கணம் இது! மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

‘வகையீட்டு நோயறிதல்’ என்று இன்னொன்றும் சுற்றுகிறது. இதைத் தூய தமிழ் என்று தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. தூய்மை சரி, பொருள் எங்கே? வகையீடு கணக்குப் பாடத்துச் சொல், வகைக்கெழுவுக்கு (டெரிவேட்டிவ்) உறவுக்காரன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதைத் தவிர வேறு உறவே கிடையாது. அந்தத் தாளை வாங்கும் நோயாளி டெரிவேட்டிவ் போட்டுப் பார்க்க வேண்டுமா? அப்புறம் குறளை நினைத்து ‘நோய்நாடல்’ என்பவர்கள். அழகான சொல்தான், ஆனால் சித்த மருத்துவக் கல்லூரிகளில் அது ஒரு துறையின் பெயராகவே இருக்கிறது. அதைப் பிடுங்கி இங்கே வைத்தால் இரண்டு பக்கமும் குழப்பம்.

செயலுக்கு ‘நோய் வேறுபடுத்தி அறிதல்’. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. அந்தப் பட்டியலுக்கு ‘ஐய நோய்கள்’, அதாவது இவற்றுள் எதுவோ என்று ஐயப்படும் நோய்கள். அந்த அக்காவிடம் இப்படிச் சொன்னதும் உடனே புரிந்தது.

அதே தாளில் ‘தற்காலிக நோயறிதல்’ என்றும் போட்டிருந்தார்கள், மேற்கொண்டு சோதனை முடிவுகள் வரும்வரை மருத்துவர் வைத்துக்கொள்ளும் ‘ப்ரொவிஷனல் டயக்னோசிஸ்’ என்பதற்காம். தற்காலிகமாக அறிவதற்கு அவர் என்ன ஒப்பந்த ஊழியரா? ‘முதற்கட்ட நோயறிதல்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?