ஃப்ளூ காய்ச்சல்: முதல் 48 மணி நேரம் ஏன் முக்கியம்?

சென்னையில் ஃப்ளூ மழையோடு வரும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர், நவம்பரில் சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறோம், பேருந்தில் ஷட்டரை இறக்கிவிடுகிறோம். ஒருவர் இருமியதில் வெளிவந்த நுண்துளிகள் உள்ளேயே மிதக்கின்றன. ஸ்பிலிட் ஏசி இதற்கு உதவாது. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டால்தான் காற்று மாறும்.

மூக்கு, தொண்டைச் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்ற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. வைரஸின் ஹீமக்ளூட்டினின் புரதம் அதைப் பற்றிக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. சில மணி நேரத்திலேயே புதிய வைரஸ்கள் தயாராகிவிடும். வெளியேறும்போது அவையும் அதே சர்க்கரையில் ஒட்டிக்கொள்ளும். நியூராமினிடேஸ் என்ற நொதி அந்தப் பிடியை வெட்டிவிட்ட பிறகே அடுத்த செல்லுக்குப் போக முடியும்.

ஓசெல்டாமிவிர் மாத்திரை முடக்குவது இந்த நொதியைத்தான். ஏற்கெனவே பாதித்த செல்லை அது காப்பாற்றாது, பரவலை மட்டுமே தடுக்கும். வைரஸ் பெருக்கம் உச்சத்தில் இருப்பது முதல் இரண்டு மூன்று நாட்கள். அதனால்தான் அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், தினம் இருவேளை, 5 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் குறைப்பார். எல்லோருக்கும் இது தேவைப்படாது. கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றுமே செய்யாது.

அதே மழையில்தான் டெங்குவும் வரும். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாரசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். தவறு நடப்பது சிரப்பில். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 12 கிலோ குழந்தைக்கு முதலாவதில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லிதான். போன தடவை 120 பாட்டிலிலிருந்து கொடுத்த அதே அளவை 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படித்துவிட்டு, சிரப்போடு வரும் அளவு மூடியில் அளந்து கொடுங்கள்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு இளகும், வைரஸ் சாகாது. கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்கவே கூடாது.

தடுப்பூசி வேலை செய்ய சுமார் இரண்டு வாரமாகும்; மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரிலேயே போட்டுக்கொள்வது நல்லது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல்முறை என்றால் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் போட முடியாது. அதைச் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம், ஆக்சிஜன் 94-க்குக் கீழே போவது, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது (பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம்): இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். மற்றபடி, பாரசிட்டமால் இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம்.