‘யூஸ்டு டு’ என்று சொல்லும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கிலாந்திலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நர்ஸ் வேலை. சில வருடங்களுக்கு முன்னால், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் ஸ்பீக்கிங் தேர்வுக்கு என்னிடம்தான் பயிற்சி எடுத்துக்கொண்டு போனாள். நலம் விசாரிக்கக்கூட இல்லை, எடுத்த எடுப்பிலேயே, “மேம், அப்பா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்டார். நீங்க கிளாஸ்ல கத்திக்கிட்டே இருப்பீங்களே, அதே வார்த்தை” என்றாள். எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

அவள் அப்பாவுக்கு 63 வயது. மகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவர். முழங்கால் வலிக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறார், மகளுக்கு டியூட்டி என்பதால் தனியாக. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, இவர், “ஐ யூஸ்டு டு டேக் பிரஷர் டேப்லட் எவ்ரி மார்னிங்” என்று சொல்லியிருக்கிறார். அன்று காலையும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியவர் அவர். டாக்டருக்குப் புரிந்தது என்ன தெரியுமா? ‘முன்பெல்லாம் தினமும் காலையில் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது போடுவதில்லை.’ எப்போது நிறுத்தினீர்கள் என்று டாக்டர் திருப்பிக் கேட்டாராம். அந்த ஊர் உச்சரிப்பு பிடிபடாமல் இவர் “எஸ், எஸ்” என்று தலையாட்டிவிட்டார். பிரஷர் பார்த்தால் கொஞ்சம் ஏறியிருந்தது. புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி மகள் வந்து சீட்டைப் பார்த்ததால் ஆயிற்று, இல்லையென்றால் மறுநாள் காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கியிருப்பார்.

திருச்சியில் 17 வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ‘யூஸ்டு டு’வைத் திருத்தாத நாள் என்று ஒன்று கிடையாது. இதுவரை வந்ததெல்லாம் வேலை கிடைக்கவில்லை, மார்க் குறைந்தது என்கிற அளவில்தான் இருந்தது. மாத்திரை வரைக்கும் போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஐ யூஸ்டு டு’ என்றால் ‘எனக்கு வழக்கம்’ என்று அர்த்தம் இல்லை. ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது, இப்போது இல்லை என்று அர்த்தம். ‘ஐ யூஸ்டு டு ப்ளே கிரிக்கெட்’ என்றால் இப்போது விளையாடுவதில்லை. ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றால் இப்போது ஐந்து மணிக்கு எழுந்திருப்பதில்லை. ‘ஐ யூஸ்டு டு லவ் மை வைஃப்’ என்று ஒருவர் வகுப்பில் சொன்னார். பாவம், மனைவி மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்கிற வெளிநாட்டுக்காரர், இவர்கள் பிரியப் போகிறார்களோ என்று நினைப்பார்.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் ‘நாளைக்கு வருவேன்’ என்றாலும் வருவேன்தான், ‘தினமும் வருவேன்’ என்றாலும் வருவேன்தான். எதிர்காலத்துக்கும் வழக்கத்துக்கும் நமக்கு ஒரே வினைமுற்று. அதனால் ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஐ வில் கம் டெய்லி’ என்று வருகிறது. ‘வில்’ என்றால் எதிர்காலம் ஆயிற்றே, வழக்கத்துக்கு வேறு ஏதாவது வேண்டுமே என்று தேடும்போது ‘யூஸ்டு டு’ கையில் கிடைக்கிறது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் சின்னப் புத்தகங்கள் சிலவற்றிலும் ‘யூஸ்டு டு – வழக்கம்’ என்று மொட்டையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் விமானத்தில் படித்துக்கொண்டே போனதும் அப்படி ஒரு புத்தகத்தைத்தான்.

வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் தனி வார்த்தையே தேவையில்லை. ‘ஐ டேக்’, ‘ஐ வாக்’, ‘ஐ குக்’. அவ்வளவுதான். இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். “இவ்வளவுதானா மேம்? சின்னப் பிள்ளை பேசுற மாதிரி இருக்கே?” என்று கேட்கிறார்கள். ஆமாம், இவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் படித்த சிம்பிள் பிரசண்ட்தான் பழக்கத்துக்கு உரிய காலம். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் ‘யூஷுவலி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘ஐ யூஷுவலி டேக் இட் இன் த மார்னிங்’. ‘ஐ ஆம் யூஸ்டு டு இட்’ என்பது வேறு கதை, அது ‘எனக்குப் பழகிப்போச்சு’. நைட் ஷிஃப்ட் பழகிவிட்டது என்பதை அப்படிச் சொல்லலாம். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

‘ஐ ஆம் கோயிங் டு ஜிம் டெய்லி’ என்பதும் இதே வீட்டுப் பிள்ளைதான். ‘ஐ கோ’ என்றால் போதும்.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இது யாருக்கும் தப்பாகவே கேட்பதில்லை. ‘ஹி கோ’ என்றால் பக்கத்தில் இருப்பவர் திருத்திவிடுவார். ‘ஐ யூஸ்டு டு டேக்’ இலக்கணப்படி முழுசாகச் சரியான வாக்கியம். நம் ஊரில் எல்லோருமே அப்படிப் பேசுவதால் நாம் நினைத்ததையே எதிரில் இருப்பவரும் புரிந்துகொள்கிறார். ஊரைத் தாண்டினால்தான் வாக்கியம் சரி, அர்த்தம் தலைகீழ். அங்கே இருப்பவர்களுக்கும் அது தப்பு என்று தெரிய வழியில்லை, நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

இந்த மாதிரி வார்த்தைகள் அதிகமாக மாட்டுவது அலுவலகப் பேச்சிலோ மீட்டிங்கிலோ இல்லை. சும்மா பேசும்போதுதான். பொழுதுபோக்கு என்ன, சனி ஞாயிறு என்ன செய்தாய், யாரையாவது விரும்புகிறாயா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்கிற பேச்சில். “இதெல்லாம் எதுக்கு மேம், இண்டர்வியூ கேள்வியா சொல்லிக்கொடுங்க” என்று வகுப்பில் கேட்காத ஆள் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே காபி மெஷின் பக்கத்தில் நின்று இதைத்தானே பேச வேண்டியிருக்கிறது! ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கிங் மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதில் முதல் நாலைந்து நிமிடம் வீடு, குடும்பம், வேலை, படிப்பு, பொழுதுபோக்கு என்று இப்படித்தான் ஓடும்.

“டூ யூ டிரிங்க்?” என்று கேட்டால் குடிப்பீர்களா என்று கேட்கிறார்கள். மதுவைத்தான். காபி டீயை அல்ல. ஒரு பையன், நல்ல பையன், ஒரு சொட்டுத் தொடாதவன், வெளிநாட்டு டீம் லீடரிடம் “எஸ், த்ரீ டைம்ஸ் எ டே” என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வரைக்கும் அவர் ஏன் தன்னிடம் அத்தனை அக்கறையாக உடம்பைப் பற்றி விசாரிக்கிறார் என்று தெரியாமல் இருந்திருக்கிறான்.

“வாட் டூ யூ டூ?” என்றால் என்ன வேலை பார்க்கிறீர்கள். “வாட் டூ யூ டூ ஃபார் ஃபன்?” என்றால்தான் பொழுதுபோக்கு. கடைசியில் அந்த ‘ஃபார் ஃபன்’ வருகிறதா என்று காதைத் திறந்து வைத்திருங்கள், பாதியிலேயே பதிலை ஆரம்பிக்காதீர்கள்.

டேட்டிங் பேச்சு வந்தாலே நம் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், பெற்றோர் இதையெல்லாம் ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். டேட்டிங் போ என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாமல் போகாதே என்கிறேன். ‘ஐ ஆம் கோயிங் அவுட் வித் மை மேனேஜர்’ என்று ஒரு பெண் சொன்னாள். மேனேஜரோடு கிளையண்ட் ஆபீசுக்கு வெளியே போகிறேன் என்பதைத்தான் சொன்னாள். கேட்டவர்களுக்கு அது ‘நானும் மேனேஜரும் காதலிக்கிறோம்’. ‘ஆர் யூ சீயிங் எனிஒன்?’ என்றால் யாரையாவது பார்க்கிறாயா என்றில்லை, உனக்கு யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது. நம் ஊரில் காதலைச் சொல்வதற்குப் பெயரே ‘ப்ரபோஸ்’. அங்கே ‘ஹி ப்ரபோஸ்டு’ என்றால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டான், அடுத்து மோதிரம் எங்கே என்பார்கள். ‘அஃபேர்’ என்றால் பெரும்பாலும் கல்யாணம் ஆனவர் வெளியே வைத்துக்கொள்ளும் தொடர்பு. ‘பார்ட்னர்’ என்றால் நமக்குத் தொழில் கூட்டாளி, அவர்களுக்குப் பெரும்பாலும் கணவன், மனைவி அல்லது கூட வாழ்பவர். ‘ரூம் பார்ட்னர்’ என்று சொல்வதை இன்றோடு விடுங்கள், ‘ரூம்மேட்’ என்று சொல்லுங்கள். அப்புறம் ‘மை லவ்வர்’. இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதீர்கள். அந்தச் சொல்லில் உடல் உறவு தொனிக்கும். ‘பாய்ஃப்ரெண்ட்’, ‘கேர்ள்ஃப்ரெண்ட்’ போதும். சொல்ல விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே ‘ஐ’ட் ராதர் நாட் சே’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நீங்களும் பழகிய இரண்டாம் நாளே ‘ஆர் யூ மேரீடு? ஒய் நாட்?’ என்று கேட்காதீர்கள். சம்பளத்தையும் கேட்காதீர்கள்.

ஹாபி விஷயத்தில் தப்பு வேறு மாதிரி. ‘மை ஹாபிஸ் ஆர் ரீடிங் புக்ஸ் அண்ட் லிசனிங் டு மியூசிக்’ என்று தமிழ்நாடே ஒப்பிக்கிறது. போன வாரம் ஒரு பையனிடம் கடைசியாகப் படித்த புத்தகம் என்ன என்று கேட்டேன். நெற்றி வேர்த்துவிட்டது. அவன் படிக்கிறவனே இல்லை. சரி, ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன செய்வாய் என்று தமிழில் கேட்டேன். புறா வளர்க்கிறானாம். மொட்டைமாடியில் இருபத்திரண்டு புறா. எந்தப் புறா எவ்வளவு நேரம் பறக்கும், எந்தச் சோடி சேராது, மழைக்காலத்தில் தீவனத்தில் என்ன சேர்க்க வேண்டும் என்று பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசினான். இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததாம்! ‘ஐ கீப் பிஜியன்ஸ்’. மூன்றே வார்த்தை. கேட்கிறவர் அடுத்த அரை மணி நேரம் உங்களை விட மாட்டார். மனப்பாடம் செய்த பொய்யை விட்டுவிட்டு உங்கள் வாழ்க்கையில் இருப்பதைச் சொல்லுங்கள், வார்த்தை தானாக வரும். தேர்வு எடுப்பவர்களும் மனப்பாடத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் அவர்கள்.

பயிற்சி எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு: எதிரில் ஒரு ஆளை உட்கார வையுங்கள், போனில் மூன்று நிமிடம் டைமர் வையுங்கள், பேச்சை ரெக்கார்டு செய்யுங்கள். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் திருப்பி ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும், ‘ஹவ் அபௌட் யூ?’ என்றாவது. நம்மவர்கள் பதில் சொல்லிவிட்டு போலீஸ் விசாரணையில் உட்கார்ந்திருப்பது போல அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார்கள், பேச்சு அங்கேயே செத்துவிடும். அப்புறம் ரெக்கார்டைப் போட்டுக் கேட்டு, எத்தனை ‘யூஸ்டு டு’, எத்தனை ‘வில்’ என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். கண்ணாடி முன்னால் நின்று தனியாகப் பேசுவதை விடுங்கள், கண்ணாடி உங்களைக் கேள்வி கேட்காது.

ஆன்லைனில் தெரியாத ஆளோடு பேசிப் பழகுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், இதில் எனக்கு விளையாட்டே கிடையாது. ஹாபியில் ஆரம்பித்து, தினசரி வழக்கத்துக்கு வந்து, மூன்றாம் வாரம் ‘யூ ஆர் ஸ்பெஷல் டு மீ’ என்று போகும். அப்புறம் பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டி எடுத்துக்கொள் என்பார்கள். என் மாணவி ஒருத்தி நகையை அடகு வைத்துக் கட்டினாள். அந்தப் பக்கம் பேசியவர் வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் ஆங்கிலத்தைப் பாராட்டினாராம், இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். பயிற்சிக்காகப் பேசுகிறவருக்கு உங்கள் வீட்டு முகவரியும், அலுவலகப் பெயரும், போட்டோவும் எதற்கு? கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்புக்கு வா, வீடியோவில் வா என்று அவசரப்படுத்தினால் அங்கேயே துண்டியுங்கள். பணம் என்ற பேச்சு வந்தால் அது பயிற்சி இல்லை, மோசடி. பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அவள் பதினோரு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தாள்.

அந்தப் பெரியவர் இப்போது நன்றாக இருக்கிறார். அவருக்காக நான் ஒரு சின்னச் சீட்டு எழுதி அனுப்பினேன். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது, மேலே கொட்டை எழுத்தில் ‘ஐ டேக் திஸ் எவ்ரி டே’ என்று. அவர் அதைப் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறாராம். உங்கள் அப்பாவோ அம்மாவோ பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால், பெட்டியில் ஊறுகாயும் பொடியும் கட்டும் அன்றைக்கே அப்படி ஒரு சீட்டை எழுதி பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். விமானம் ஏறுவதற்குள் அந்த ஒரு வரியை அவர்கள் வாயால் பத்துத் தடவை சொல்ல வைத்துவிடுங்கள்.