தெருவின் பயன்படாத துண்டில் பூங்கா: நமக்கு நாமே திட்டத்தில் செய்ய வேண்டியவை

மேம்பாலம் வந்தபின் வண்டிப் போக்குவரத்து நின்றுபோன அணுகுசாலை, முட்டுச்சந்தின் கடைசிப் பத்து மீட்டர், மூன்று தெருக்கள் சேருமிடத்தில் மிஞ்சிய முக்கோணம். இப்படிப்பட்ட இடங்கள் எல்லா ஊரிலும் குப்பைமேடாகவோ பழுதான வண்டிகளின் நிறுத்தமாகவோ மாறிவிடுகின்றன. இவற்றைச் சிறு பூங்காவாக்கத் தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள நேரான வழி நமக்கு நாமே திட்டம். 1997-98இல் தொடங்கிய இத்திட்டம், இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயரோடு திரும்ப வந்தது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். மீதியை அரசு தரும். மதிப்பீடு 6 லட்சம் ரூபாய் என்றால் உங்கள் பங்கு 2 லட்சம். பாதியோ அதற்கு மேலோ நீங்கள் தந்தால், வேலையை நீங்களே செய்யலாம் அல்லது செய்பவரை நீங்களே பரிந்துரைக்கலாம். அதற்குக் குறைவென்றால் டெண்டர்தான்.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வரைபடமும் அரசின் இணைய நிலச் சேவைத் தளத்தில் கிடைக்கும். பதிவேட்டில் தெரு என்று இருந்தால் மேலே போகலாம். ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலே தார் போட்டிருந்தாலும் அது நீர்வழிதான், மழைக்காலத்தில் தண்ணீர் அங்கேதான் வரும். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் மாநகராட்சி தீர்மானம் போட்டுப் பயனில்லை, அந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும். பதிவேடு தெளிவாக இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதே வேளையில் உங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் வாங்கிப் பார்ப்பது நல்லது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். பல ஊர்களில் அந்த இடம் முள் மண்டிக் கிடக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. அது கிடைத்தால் தெருவைத் தொடவே வேண்டாம். பூங்காவுக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் யாரும் தடை சொல்ல முடியாது.

தெருத்துண்டுதான் என்று முடிவானால், மிக முக்கியமான ஒன்று: தெருவை நிரந்தரமாக மூடித் தரும்படி கேட்காதீர்கள். மனு எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். தெருவை மூடுவது என்றால் மன்றத் தீர்மானம், அறிவிப்பு, ஆட்சேபணை, அரசாணை என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தவிர, பொதுத் தெருவை ஒட்டிய மனைக்காரருக்குத் தம் எல்லையின் எந்த இடத்திலிருந்தும் தெருவுக்கு வந்துபோகும் உரிமை உண்டு. ஒட்டியிருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தே ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதும் முடிவாகிறது. தெரு போய்விட்டால் நாளைக்கு மாடி கட்ட அனுமதி கிடைக்காதோ என்ற அச்சம் நியாயமானது. அப்படி அஞ்சும் ஒரு வீட்டுக்காரர் நீதிமன்றம் போனால் திட்டம் நின்றுவிடும். ஆகவே மனுவில் இப்படிக் கேளுங்கள்: பதிவேட்டில் தெருவாகவே இருக்கட்டும், அதன் மேல் மரமும் இருக்கையும் நடைபாதையும் அமைத்துத் தாருங்கள். வாசல் திறக்கும் வீடு ஒன்று இருந்தாலும் அதன் முன்னே 3.5 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டு வரையுங்கள்.

மனுவை வார்டு கவுன்சிலர், ஆணையர் இருவருக்கும் கொடுத்து, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒட்டியுள்ள எல்லா வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பிறகு உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். அதன்பின் மன்றத் தீர்மானம், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி. உங்கள் பங்குத் தொகையை உள்ளாட்சி பெயரில் வரைவோலையாகவோ காசோலையாகவோ மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள்.

சிலையோ சிறு கோயிலோ வைக்கலாம் என்று யாராவது தொடங்கினால் உடனே மறுத்துவிடுங்கள். 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலைக்கோ கட்டுமானத்துக்கோ மாநில அரசு அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. தெருவை அழகுபடுத்துவதற்கும் பொதுப் பயன்பாட்டு வசதிகளுக்கும் அதே உத்தரவு விலக்கு தருகிறது. பூங்கா நிற்பது அந்த விலக்கின் மேல்தான்.

பொறியாளர் மதிப்பீடு போட வரும்போது கூடவே நடந்து, நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: பாதாளச் சாக்கடை மூடிகள், குடிநீர் வால்வு, மின் கேபிள், தொலைபேசிக் கம்பி. சாக்கடை மூடியின் மேல் மேடையோ பாத்தியோ வரக்கூடாது. அடைப்பெடுக்கும் லாரி உள்ளே வர ஒரு பக்கம் கழற்றி மாட்டும் தடுப்புக் கம்பம் வையுங்கள். குழாய்க்கும் மரத்துக்கும் 3 மீட்டராவது இடைவெளி வேண்டும்.

மரம் பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் மண். தாருக்குக் கீழே இறுக்கிய ஜல்லி இருக்கும், வேர் அதைத் துளைக்காது. ஒரு அடிக் குழி தோண்டிக் கன்றை நட்டால் இரண்டாவது கோடையில் காய்ந்துவிடும். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஜல்லியை முழுதும் அகற்றி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய உரம் நிரப்புங்கள். 12 குழிக்கு 12 கன மீட்டர். 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் நாலேகால். மண் அமுங்கும் என்பதால் ஐந்து யூனிட்டாகச் சொல்லுங்கள். புங்கன், பூவரசு, மகிழம், வேம்பு நல்லவை. கோனோகார்பஸ் வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் ஏராளமான தெருமரங்கள் சாய்ந்தன. காற்றுக்கு எளிதில் முறியும் செம்மயிற்கொன்றையை (குல்மோகர்) வீட்டு ஓரத்தில் வைக்காதீர்கள்.

பழைய தாரின் மேலேயே கல் பதித்தால் பூங்கா உயர்ந்து, மழைநீர் வீடுகளுக்குள் போகும். தாரைச் சுரண்டி எடுப்பதையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். நடப்பதற்கு 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக், லாரி ஏறும் பகுதிக்கு 80. அடியில் 30 மில்லிமீட்டர் எம்-சாண்ட், ஓரத்தில் கட்டாயம் கர்ப் கல். ஓரக்கல் இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் பிளாக்குகள் விலகத் தொடங்கும். 50க்கு 1 சரிவு போதும், 3 மீட்டர் பாதைக்கு 6 சென்டிமீட்டர். சரிவு பாத்திப் பக்கம் இருக்கட்டும். பாத்தி பாதையைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் மழைநீர் மரத்துக்கே போகும். மிகுநீர் மழைநீர் வடிகாலுக்குச் செல்லும் வாயை மூடிவிடக்கூடாது.

சுற்றுச்சுவர் கேட்காதீர்கள். இவ்வளவு சிறிய இடத்தில் சுவர் எழுந்தால் உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாது, பூட்டும் சாவியும் வந்துவிடும். பூட்டிய பூங்காவில் குப்பைதான் சேரும். 1.2 மீட்டர் இடைவெளியில் தடுப்புக் கம்பங்கள் போதும். சக்கர நாற்காலி போகும், கார் வராது.

திட்டத்தின் பணம் அமைப்பதற்கு மட்டும். பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை மன்றத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: விளக்கின் மின்கட்டணம் யார் பெயரில், தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து, குப்பை எடுக்கத் தூய்மைப் பணியாளர் எந்த நாளில் வருவார், உடைந்த கல்லை யார் மாற்றுவார். கன்றுகளுக்கு முதல் இரண்டு கோடை வாரம் மூன்று முறை தண்ணீர் வேண்டும். அதற்கு ஆள் பெயர் எழுதாமல் வேலையைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.