பான்ட்சர்யேகர்: கவசவேட்டுவன் எனலாமா?

அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் மாடல் வண்டியை ஒட்டி முடித்துக் கொண்டுவந்து காட்டினான். கீழே சங்கிலிச் சக்கரம், மேலே நீளமான பீரங்கி, சுற்றி மூன்று பக்கம் தகடு. கூரை மட்டும் இல்லை. உள்ளே நிற்கிற ஆளின் தலை தெரிகிறது.

“இது டாங்கிதானே மாமா?”

“இல்லைடா. இது வேற.”

“அப்ப இதுக்குத் தமிழ்ல என்ன?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பெட்டியில் ‘பான்ட்சர்யேகர்’ என்று ஜெர்மன் சொல் இருந்தது. அகராதியைப் பார்த்து ‘டாங்கி எதிர்ப்புப் பீரங்கி’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் வேட்டை தமிழில் காணாமல் போய்விடும். 1940இல் ஜெர்மன் ராணுவம் எந்தச் சொல்லைக் கைவிட்டு இந்தப் பெயரை வைத்ததோ, அந்தப் பழைய சொல்லைத்தான் நாம் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் உச்சரிப்பு. ஜெர்மனில் ‘இஸட்’ எழுத்துக்கு ‘ட்ஸ்’ ஒலி, ‘ஜே’ எழுத்துக்கு ‘ய’ ஒலி. ஆகவே பான்சர்ஜேகர் அல்ல, பான்ட்சர்யேகர். பான்ட்சர் என்றால் கவசம், யேகர் என்றால் வேட்டைக்காரன்.

பான்ட்சரின் பூர்வீகம் வயிறு. லத்தீனில் குடல், வயிறு இவற்றைக் குறித்த ‘பான்டெக்ஸ்’ என்ற சொல், பழைய பிரெஞ்சில் வயிற்றை மறைக்கும் இரும்புச் சட்டைக்குப் பெயராகி, அங்கிருந்து இடைக்கால ஜெர்மனுக்குப் போனது. தொந்தியைக் குறிக்கும் ‘பாஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். மாவீரர்களின் கவசமாக முழங்கும் சொல்லைத் தோண்டிப் பார்த்தால் கடைசியில் தொந்தி மறைப்பு! ஆமையின் ஓட்டுக்கும் ஜெர்மனில் பான்ட்சர் என்றே பெயர். நம்மிடமும் உடம்பை வைத்துப் பிறந்த ஒரு கவசச் சொல் உண்டு: மெய்ம்மறை. பதிற்றுப்பத்தில் சேர மன்னனை ‘சான்றோர் மெய்ம்மறை’ என்று பாடியிருக்கிறார்கள். அங்கே சான்றோர் என்றால் வீரர்கள், அவர்களுக்குக் கவசம் போன்றவன் அரசன். அழகான சொல். ஆனால் இன்று மெய்ம்மறை என்று எழுதினால் பாதிப் பேர் மறைபொருள் ஏதோ என்று நினைப்பார்கள். தலைக்கவசம் வரை புழங்கும் ‘கவசம்’ போதும்.

யேகர் என்பது ராணுவத்துக்குக் காட்டிலிருந்து வந்த பெயர். 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டுக் காவலர்களையும் வேட்டைக்காரர்களையும் சேர்த்து, குறிபார்த்துச் சுடும் படைகளை ஜெர்மன் அரசுகள் வைத்திருந்தன. வேட்டை என்ற தொழிற்பெயர் ‘யாக்ட்’. பணக்காரர்கள் மிதக்கவிடும் யாட் என்ற உல்லாசப் படகு இருக்கிறதே, அதுவும் இதன் டச்சு உறவினர்தான். எதிரிக் கப்பலைத் துரத்திப் பிடிக்கும் வேகப் படகுக்கு ‘வேட்டைக் கப்பல்’ என்று வைத்த பெயர் பின்னால் சுருங்கியது.

சரி, கதைக்கு வருவோம். 1940க்கு முன், டாங்கிகளை எதிர்க்கும் ஜெர்மன் படைப்பிரிவின் பெயர் ‘பான்ட்சர்ஆப்வேர்’. ஆப்வேர் என்றால் தடுப்பு, தற்காப்பு. அவர்களிடம் இருந்தது ஆட்கள் தள்ளிக்கொண்டு போகக்கூடிய 3.7 சென்டிமீட்டர் பீரங்கி. அதன் சுருக்கப் பெயரான ‘பாக்’கிலும் அதே ஆப்வேர்தான் உட்கார்ந்திருக்கிறது. 1940 மே மாதம் பிரான்ஸில் அராஸ் அருகே பிரிட்டனின் மட்டில்டா டாங்கிகள் மேல் இந்தக் குண்டுகள் பட்டுத் தெறித்தன. அடுத்த ஆண்டு ரஷ்யாவில் டி-34, கேவி என்ற சோவியத் டாங்கிகளைப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம். சிப்பாய்கள் அந்தப் பீரங்கிக்கு ‘ராணுவக் கதவுதட்டி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வந்திருக்கிறோம் என்று டாங்கிக்காரனுக்குத் தெரியப்படுத்தும், அவ்வளவுதான்.

பெரிய பீரங்கி வேண்டும் என்ற எண்ணம் இந்த அடிகளுக்கு முன்பே இருந்தது. ஆனால் பெரிய பீரங்கியைக் கையால் தள்ள முடியாது. டாங்கியின் டரட்டிலும், அதாவது மேலே சுழல்கிற அந்தக் கூண்டிலும், அது அடங்காது. கூண்டு உட்காரும் வளையத்தின் அகலம் அவ்வளவுதான். கூண்டையே கழற்றி எறிந்துவிட்டு, சேசிஸின் மேல் பீரங்கியை நேராக வைத்துவிட்டால்? அதுதான் ‘பான்ட்சர்யேகர் ஒன்று’ (ஒன்று என்பது வரிசை எண்). சண்டைக்குச் சிறிதாகிப்போன ‘பான்ட்சர் ஒன்று’ என்ற டாங்கியின் உடம்பு, செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்கோடா ஆலை செய்த 4.7 சென்டிமீட்டர் பீரங்கி. 1940 மார்ச் முதல் 1941 பிப்ரவரி வரை 202 வண்டிகளை மாற்றிக் கட்டினார்கள். மூன்று பேர் போகலாம். முன்னும் பக்கமும் தகடு. பின்னாலும் மேலேயும் வானம். பீரங்கியை இடம் வலமாகக் கொஞ்சம்தான் திருப்பலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் வண்டியையே திருப்ப வேண்டும்.

படைப்பிரிவின் பெயர் ஆப்வேரிலிருந்து யேகர் ஆனதும் இதே 1940இல்தான். தடுப்பவன் வேட்டைக்காரன் ஆனான். பெயரில் வீராப்பு இருக்கிறதே தவிர, உண்மையில் இந்த வண்டிகள் துரத்திக்கொண்டு ஓடவில்லை. கூரையில்லாத, மெல்லிய தகடு போட்ட வண்டி எதிரே போய் நின்றால் முதல் குண்டுக்கே தீர்ந்தது. மரங்களுக்குப் பின்னால், வீட்டுச் சுவருக்குப் பின்னால் பதுங்கி, தூரத்திலிருந்து சுட்டுவிட்டு இடம் மாறிக்கொள்ள வேண்டும். பரண் கட்டி உட்காரும் வேட்டைக்காரன் இவன். உறுமீன் வருமளவும் வாடியிருக்கும் கொக்கு என்றாலும் தகும்.

இந்த வண்டிகளின் ஆவணப் பெயர்களில் இன்னொரு சொல் அடிக்கடி வரும்: ‘செல்ப்ஸ்ட்ஃபார்லாஃபெட்ட’. பயப்பட வேண்டாம், மூன்று துண்டு: தானே, ஓடும், லாஃபெட்ட. லாஃபெட்ட என்பது பீரங்கிக் குழாயைத் தாங்கும் அமைப்பு, பிரெஞ்சில் ‘அஃபூ’. மரத்தண்டு, அடிமரம் என்று பொருள்படும் ‘ஃபூ’விலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ‘ல்’ என்ற சுட்டை முன்னால் ஒட்டிச் சொல்வதைக் கேட்ட ஜெர்மானியர், அந்த ‘ல்’லையும் சேர்த்தே விழுங்கிவிட்டார்கள்.

இதை நம் ஆட்கள் ‘சுயமாக உந்தப்படும் பீரங்கி’ என்கிறார்கள். உந்தப்படுவது எப்படிச் சுயமாகும் என்று யாரும் கேட்பதில்லை. ‘தானியங்கி பீரங்கி’யும் சரியில்லை. தானாகக் குண்டு போட்டுத் தானாகச் சுடும் என்று பொருள் வந்துவிடும். இங்கே குண்டைக் கையால்தான் போட வேண்டும். ஓடுவது மட்டுமே தானாக.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. இலங்கைத் தமிழ் ஏடுகளில் டாங்கியை ‘யுத்த தாங்கி’ என்று எழுதுவார்கள். ஆங்கில ஒலியைத் தமிழ்ச் சொல்லோடு முடிச்சுப் போட்ட சாமர்த்தியம் அது. ஆனால் டாங்கி எதையும் ‘தாங்குவது’ அதன் இலக்கணம் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் ரகசியத்தைக் காக்க, ‘தண்ணீர்த் தொட்டி செய்கிறோம்’ என்று சொல்லிவைத்த பெயர்தான் டேங்க். அதே ஆங்கிலச் சொல்தான் நம் பழைய பொதுப்பணித் துறை ஏடுகளில் ஏரிக்கும் குளத்துக்கும் பெயர். சுமைதாங்கிக் கல் போல ஒன்றைத் தாங்கி நிற்பதுதான் தாங்கி என்றால், அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவது லாஃபெட்டவுக்கு. பீரங்கித் தாங்கி, தானே ஓடினால் தானோடித் தாங்கி. டாங்கிக்குப் போன சொல்லைப் பறித்து இங்கே கொடுத்தால் குழப்பம்தான், தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

1942இல் வந்த மார்டர் என்ற பான்ட்சர்யேகர் வண்டிகளைப் பார்த்தால் அவசரம் என்றால் என்னவென்று புரியும். மார்டர் ஒன்றுக்குப் பிடிபட்ட பிரெஞ்சு லொரேன் இழுவண்டியின் உடம்பு. மார்டர் இரண்டுக்குச் சொந்த பான்ட்சர் இரண்டின் உடம்பு. மார்டர் மூன்றுக்குச் செக் டாங்கியின் உடம்பு. அதன் முதல் வகையில் மேலே ரஷ்யர்களிடமிருந்து கைப்பற்றிய 76.2 மில்லிமீட்டர் பீரங்கி, ஜெர்மன் தோட்டா போகிற மாதிரி உள்ளே குடைந்து மாற்றியது. ஆவணங்களில் இவற்றின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ஒற்றை எழுத்து நிற்கும்: ‘டி’ என்றால் செக், ‘ஆர்’ என்றால் ரஷ்யா, ‘எஃப்’ என்றால் பிரான்ஸ். நிலப்பத்திரத்தில் மூலப்பத்திரக் குறிப்பு இருக்கிற மாதிரி, யாரிடமிருந்து வந்த சொத்து என்று வண்டியின் பெயரே காட்டிக்கொடுக்கும். பக்கத் தகடு சில வகைகளில் 10 மில்லிமீட்டர் அளவுதான். டாங்கிக்குத் தனித்தமிழ் அன்பர்கள் சொல்லும் ‘தகரி’ என்ற சொல், தகர்ப்பதிலிருந்து வந்தது. மார்டரைப் பார்த்தால் தகரத்திலிருந்து வந்ததோ என்று தோன்றும்.

மார்டர் என்பது நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, மரமேறி வேட்டையாடும் ஒரு சிறு விலங்கு. நீலகிரி மார்ட்டென் அதன் நெருங்கிய சொந்தம். இன்னொரு வண்டிக்கு முதலில் ‘ஹோர்னிச’ என்று பெயர், நம் கதண்டு. 8.8 சென்டிமீட்டர் நீளக் குழாய்ப் பீரங்கி வைத்த அதை 1944இல் ‘நாஸ்ஹோர்ன்’ என்று மாற்றினார்கள். மூக்குக்கொம்பு, அதாவது காண்டாமிருகம். அதே சமயத்தில் ‘ஃபெர்டினாண்ட்’ என்ற 65 டன் பூதமும் ‘எலெஃபான்ட்’ ஆனது. வடிவமைப்பாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பெயரைத் தாங்கியிருந்த வண்டி அது. டைகர் டாங்கிக்கான போட்டியில் தோற்ற அவருடைய சேசிஸ்கள் சும்மா கிடந்ததால் பிறந்தது. பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், மின்சாரம் மோட்டாரைச் சுற்றும், நம் டீசல் ரயில் எஞ்சின் மாதிரி. முன்பக்கம் 200 மில்லிமீட்டர் தகடு. 1943 ஜூலையில் ரஷ்யாவில் நடந்த குர்ஸ்க் போருக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் வரும் காலாட்படையைச் சமாளிக்க ஒரு எந்திரத் துப்பாக்கிகூட அதில் பொருத்தியிருக்கவில்லை. மிஞ்சியவற்றைத் திருப்பிக் கொண்டுபோய் எந்திரத் துப்பாக்கி வைத்த பிறகுதான் யானை ஆனது.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் பான்ட்சர்யேகர். 1944 முதல் வேறொரு சொல் முன்னுக்கு வருகிறது: யாக்ட்பான்ட்சர். அதே இரண்டு துண்டுகள், முன்பின் மாற்றி. தமிழ் தெரிந்தவனுக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும். மலைத்தேன் தேன், தேன்மலை மலை. ஜெர்மனிலும் கடைசியில் நிற்கும் சொல்தான் பொருளின் தலை. பான்ட்சர்யேகர் ஒரு வேட்டைக்காரன், கவச வண்டிகளை வேட்டையாடுபவன். யாக்ட்பான்ட்சர் ஒரு கவச வண்டி, வேட்டைக்குப் போவது. இந்தப் புரட்டலுக்கேற்ப வண்டியும் மாறியிருந்தது. இப்போது கூரை உண்டு, நாலு பக்கமும் மூடிய, சரிந்த கனத்த தகடு உண்டு. யாக்ட்பான்ட்சர் நான்கு, யாக்ட்பாந்தர், 70 டன்னைத் தாண்டிய யாக்ட்டைகர் எல்லாம் இந்த வகை.

இவற்றில் சின்னது, 16 டன் எடையுள்ள யாக்ட்பான்ட்சர் 38. 1943 நவம்பரில் பெர்லினில் ஆல்கெட் ஆலை குண்டுவீச்சில் நொறுங்கியது. ஷ்டுர்ம்கெஷுட்ஸ் என்ற தாக்குதல் பீரங்கி வண்டிக்கு அதுதான் முக்கியமான ஆலை. அந்த வண்டியை ஆக்கிரமிக்கப்பட்ட பிராகில் இருந்த ஆலையில் கட்டலாம் என்றால் அவ்வளவு எடையைத் தூக்கும் வசதி அங்கே இல்லாததால், அதன் கைக்கு அடங்குகிற மாதிரி புதிதாக வரைந்த வண்டி இது. உள்ளே நுழைந்தால் நெரிசல் பேருந்துதான். பீரங்கி நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி. ஓட்டுநர், குறிபார்ப்பவர், குண்டு போடுபவர் மூவரும் இடப்பக்கம் ஒருவர் பின் ஒருவராக. தலைவர் மட்டும் வலப்பக்கம் பின்மூலையில் தனியாக. பீரங்கியோ வலப்பக்கமிருந்து குண்டு போடுவதற்காகச் செய்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு குண்டுக்கும் பீரங்கியின் மேலே எட்டிக் கைநீட்ட வேண்டும். இடப்பக்கம் 5 பாகை, வலப்பக்கம் 11 பாகை, அதற்குமேல் பீரங்கி திரும்பாது.

இதன் பட்டப்பெயர்தான் ‘ஹெட்சர்’. பல இடங்களில் ‘வேட்டைக்காரன்’ என்று மேலோட்டமாக எழுதிவிடுகிறார்கள். ‘ஹெட்சென்’ என்பது நாயை ஏவி இரையை விரட்டுவது. கிராமத்தில் ‘சூ’ காட்டிவிடுவது என்போமே, அது. அதே ஜெர்மன் சொல்லுக்கு மனிதர்களைத் தூண்டிவிட்டு ஒருவர்மேல் ஏவுவது என்றும் பொருள். ஹெட்சர் என்றால் தூண்டிவிடுபவன், கலகமூட்டுபவன். தமிழில் ‘உசுப்புதல்’ இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. நாயையும் உசுப்பலாம், ஆளையும் உசுப்பலாம். ஆகவே ஹெட்சர், உசுப்பிவிடுபவன்.

ஷ்டுர்ம்கெஷுட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. காலாட்படைக்குத் துணையாகக் கொத்தளங்களை உடைக்கப் பிறந்த வண்டி, 1942இல் நீளக் குழாய் வைத்ததும் டாங்கிகளை அழிப்பதில் பெயர் வாங்கியது. ஏறத்தாழ 10,000 கட்டினார்கள். செய்தது வேட்டை வேலை. பெயரோ கெஷுட்ஸ், பீரங்கி. ஏனென்றால் அது பீரங்கிப் படையின் சொத்து. 1943இல் கவசப் படைகளின் தலைமைக் கண்காணிப்பாளரான குடேரியன் அதைத் தன் கையில் கொண்டுவரப் பார்த்தார். உத்தரவில் ‘கனரக’ என்ற ஒரே அடைமொழியைச் செருகி, பெரும்பாலான வண்டிகள் தனக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் குமுறியிருக்கிறார். நம் அரசாணைகளில் ஒரு ‘தற்காலிக’ செய்யாத வேலையா!

இப்போது தமிழ்ச் சொல். ஆங்கில வழியில் வந்த ‘டாங்கி அழிப்பான்’ எனக்கு ஒப்பவில்லை. அழிப்பான் என்றதும் பள்ளிக்கூட ரப்பர்தான் கண்முன் வருகிறது. ‘டாங்கி எதிர்ப்பு’ என்பதைப் பழைய ஆப்வேருக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே அது கச்சிதம். பான்ட்சர்யேகருக்குக் கவசவேட்டுவன். யாக்ட்பான்ட்சருக்கு வேட்டைக் கவசவண்டி. வேட்டைக்காரன் என்பதைவிட வேட்டுவன் குறுகியது, ஒட்டும்போது உடையாதது. பீரங்கியை விட்டுவிட்டோமே என்று கேட்கலாம். ஜெர்மன் பெயரிலும் அது இல்லை. தவிர, பீரங்கியே ‘ஃபிரங்கி’யிலிருந்து, பறங்கியோடு கூடப்பிறந்து வந்த சொல்.

பழைய நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் ஆண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மன் ராணுவமும் யாக்ட்பான்ட்சர் என்ற பெயரை விடவில்லை. 1960களில் 90 மில்லிமீட்டர் பீரங்கியோடு ‘கனோனன்யாக்ட்பான்ட்சர்’ வந்தது. அது வேட்டைக் கவசவண்டியேதான். ஆனால் 1970களிலிருந்து மார்டர் என்று வந்தால் அது காலாட்படை வீரர்களை ஏற்றிச் செல்லும் சண்டை வண்டி. அதற்குக் கவசவேட்டுவன் என்று போட்டுவிடக் கூடாது.